கத்திரி வெயிலில் காயாத தோட்டம்!

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது அவர் கழுத்தில் கிடக்கும் மாலை எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை அது. இன்னொரு விஷயம். ஆண்டாள் கையில் இருக்கிற கிளி தினமும் புதிதாகச் செய்யப்படுவது. உடம்புக்குப் பச்சை இலை, மூக்குக்கு மாதுளம்பூ. மார்கழிப் பனியோ மே மாதக் கத்திரியோ, 'இன்னிக்கு இலை கிடைக்கலை' என்று சொல்ல முடியாது.

அப்படியென்றால் கொளுத்துகிற வெயிலிலும் யாரோ சிலர் இலையையும் பூவையும் காப்பாற்றிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? அவர்களால் முடிகிறது என்றால் நம் வீட்டுக் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் முடியாதா என்ன?

முடியும். ஆனால் ஒரு நிபந்தனை. கோடையில் தோட்டத்திடம் நாம் எதிர்பார்ப்பதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். தை, மாசியில் போல 'இன்னும் ரெண்டு பூ கூடப் பூக்கணும், இன்னும் நாலு காய் காய்க்கணும்' என்று செடியை விரட்டக்கூடாது. சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை அக்னி நட்சத்திரம். ஆங்கிலத் தேதியில் சொன்னால் மே 4-ஐ ஒட்டி ஆரம்பித்து 28-ஐ ஒட்டி முடியும். அந்த நாட்களில் வேர் உயிரோடு இருந்தால் போதும். ஒரு மழை விழுந்ததும் இலை தானாக வந்துவிடும். வேர் போய்விட்டால் எந்த மழையும் கொண்டு வந்து தராது.

கோடைத் தோட்டத்தில் காப்பாற்ற வேண்டியவை மூன்று. செடியின் வேர், வீட்டுக்குத் தேவையான தண்ணீர், தோட்டத்தில் நிற்கிற உங்கள் உடம்பு. இதில் ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டால் பிரயோஜனமில்லை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தண்ணீர்... எப்போது, எவ்வளவு?

ராஜபாளையத்துக்காரர்களுக்கு ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தின் மட்டம்தான் கோடைக் காலண்டர். அது இறங்க இறங்க, "குடிக்கவே தண்ணி இல்லையாம், இதுல செடிக்கு வேறயா?" என்று வீட்டில் முணுமுணுப்பு ஆரம்பித்துவிடும். அதில் நியாயமும் இருக்கிறது. அதனால் ஊற்றுகிற ஒவ்வொரு செம்பும் வேருக்குப் போய்ச் சேர வேண்டும்.

காலையில் ஏழு மணிக்குள் ஊற்றிவிடுங்கள். வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் வேர் வரை இறங்கிவிடும். முடியாதவர்கள் சூரியன் சாய்ந்த பிறகு ஊற்றலாம். நடுப்பகலில் ஊற்றுவது பாதிக்குப் பாதி காற்றுக்குப் போகிற தண்ணீர். வெயிலில் கிடந்த ரப்பர் குழாயில் முதலில் வருவது வெந்நீர்! அதை வாளியில் பிடித்து ஆறவிட்டு அப்புறம் ஊற்றுங்கள்.

தரையில் இருக்கிற செடிக்குத் தினமும் ஒரு செம்பு தெளிப்பதைவிட, இரண்டு, மூன்று நாளைக்கு ஒருமுறை நன்றாக ஊறும்படி ஊற்றுவது நல்லது. மேலாக மட்டும் நனைத்தால் வேரும் தண்ணீரைத் தேடி மேலேயே வரும். மேல்மண்தானே முதலில் சுடுகிறது? ஆழமாக நனைத்தால் வேரும் ஆழமாக, குளுமையாக இருக்கிற இடத்துக்குப் போகும்.

தொட்டிச் செடி அப்படியில்லை. அதற்குப் போக வேறு இடமில்லை. தினமும் தண்ணீர் வேண்டும். சின்னத் தொட்டிக்கு இரண்டு வேளைகூடத் தேவைப்படலாம். சந்தேகமாக இருந்தால் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் இன்றைக்கு வேண்டாம். மத்தியானம் இலை தொங்கிவிட்டதே என்று பதறி ஊற்றாதீர்கள். சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் அது வெயிலின் களைப்பு. காலையிலும் தொங்கிக் கிடந்தால்தான் தாகம்.

மண்பானை வைத்தியம் ஒன்று இருக்கிறது. ஐந்து லிட்டர் பிடிக்கிற சாதாரண மண்பானையைச் செடிகளுக்கு நடுவே கழுத்து வரை புதைத்துத் தண்ணீர் நிரப்புங்கள். பானை மெல்லக் கசிந்து சுற்றிலும் உள்ள வேர்களுக்கு ஊட்டும். இரண்டு நாள் ஊருக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வேலையாள் கிடைக்கமாட்டான். வாயை மூட மறக்காதீர்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சமையலறைத் தண்ணீரும் தோட்டத்துக்கே!

அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் இரண்டும் எந்தச் செடிக்கும் ஆகும். துணி அலசிய தண்ணீரில் முதல் அலசலை விட்டுவிட்டு, கடைசி அலசல் தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். கீரைக்கும், பச்சையாகச் சாப்பிடுகிற எதற்கும் சோப்புத் தண்ணீர் வேண்டாம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற தண்ணீரில் உப்பு அதிகம். தொட்டியில் தொடர்ந்து ஊற்றினால் மண்ணின் மேல் வெள்ளை பூக்கும், இலை ஓரம் கருகும். அதைத் தரையில் நிற்கிற மரத்துக்கு, நல்ல தண்ணீரோடு மாற்றி மாற்றி விடுங்கள். இல்லையென்றால் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

சருகு குப்பையில்லை!

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்புப் பக்கம் மலையடிவாரக் காடு இருக்கிறதே, 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்குச் சரணாலயமானதும், 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமானதும் அந்தக் காடுதான். அங்கே யார் வாளி தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? யார் சருகைக் கூட்டுகிறார்கள்? விழுந்த இலை விழுந்த இடத்திலேயே கிடந்து மண்ணைப் போர்த்தியிருக்கிறது. அவ்வளவுதான் ரகசியம்.

இதற்கு மூடாக்கு என்று பெயர். காய்ந்த இலை, கடலைத் தோல், வைக்கோல், தென்னை நார்க் கழிவு, எது கிடைக்கிறதோ அதை இரண்டு, மூன்று அங்குல கனத்துக்குச் செடியைச் சுற்றிப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் இரண்டு விரல் இடம் விட்டுவிடுங்கள்; இல்லையென்றால் தண்டு அழுகும். மண் சுடாது, ஈரம் போகாது, களையும் குறையும். கோடையில் ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

வீட்டில் தென்னை நிற்கிறதா? மரத்தைச் சுற்றி ஆறடி தூரத்துக்கு வட்டப் பாத்தி கட்டி, தேங்காய் உரித்த மட்டைகளைக் குப்புறக் கவிழ்த்தாற்போல அடுக்குங்கள். முதுகு மேலே, நார் கீழே. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சருகைக் கூட்டிக் குவித்து நெருப்பு வைக்கிற பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தப் புகை உங்கள் வீட்டு ஆஸ்துமாக்காரருக்கும் ஆகாது, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் ஆகாது.

மொட்டை மாடிக்கு ஒரு குடை

மாடியில் செடிக்கு மேலேயும் வெயில், கீழேயும் வெயில். தளத்தின் சூடு தொட்டி வழியாக வேருக்கு ஏறும். இரண்டு செங்கல்லின் மேல் தொட்டியைத் தூக்கி வையுங்கள். தனித்தனியாக நிற்கிற தொட்டிகளை நெருக்கி ஒரே இடத்தில் கூட்டமாக வையுங்கள். ஒன்றின் நிழல் ஒன்றுக்கு. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியானால் வெளியே பழைய சாக்கைச் சுற்றி விடுங்கள்.

ரோஜா, கீரை, நாற்றுகளுக்கு 50 சதவிகித நிழல் தருகிற பச்சை வலை கடையில் கிடைக்கும். செலவு செய்ய வேண்டாமா? பழைய பருத்தி வேட்டி, புடவை போதும். மேற்குப் பக்கம் அவசியம் கட்டுங்கள். பிற்பகல் வெயில்தான் பொல்லாதது.

எந்தச் செடிக்கு என்ன வேலை?

மல்லிகை: கோடைதான் அதற்குக் கல்யாண சீசன். கவாத்து செய்வது கார்த்திகை வாக்கில். இப்போது கத்திரிக்கோலைத் தூக்காதீர்கள். காயவிடாமல் தண்ணீர், விடியற்காலையில் மொட்டுப் பறிப்பு, அவ்வளவுதான்.

துளசி: கதிர் வர வர நுனியைக் கிள்ளிவிடுங்கள். விதை முற்றவிட்டால் செடி சீக்கிரம் முதிர்ந்துவிடும். கிள்ளக் கிள்ளத் தழையும்.

செம்பருத்தி: கோடையில் மாவுப்பூச்சி அப்பும். முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். போகவில்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும்.

மா: ராஜபாளையம் என்றாலே சப்பட்டையும் பஞ்சவர்ணமும் நினைவுக்கு வரும். வீட்டில் மாமரம் வைத்திருப்பவர்கள் கீழே விழுந்து அழுகிய பழத்தை அப்படியே விடாதீர்கள். உள்ளே பழ ஈயின் புழு இருக்கும். அது மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். தினமும் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள்.

தென்னை: ஓலையின் அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுருள், கீழே நிற்கிற செடியெல்லாம் கரி பூசினாற்போல கறுப்பு. இது சுருள் வெள்ளை ஈயின் வேலை. தமிழ்நாட்டில் 2016-லிருந்து தொல்லை தருகிறது. மருந்தடிக்க ஓடாதீர்கள். அதை அழிக்கிற சின்னக் குளவி ஒன்று இருக்கிறது; மருந்தடித்தால் அதுவும் செத்துப்போகும். மஞ்சள் நிறத் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்தில் கட்டுங்கள். கை எட்டுகிற ஓலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். கறுப்பு படிந்த இலைக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சிய கஞ்சியைத் தெளித்தால், காய்ந்து உரியும்போது கறுப்பையும் சேர்த்து உரித்துக்கொண்டு போகும்.

கீரை: மர நிழலில் தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி, பருப்புக்கீரை வரும். ஒரு சதுர கெஜம் இருந்தாலே வாரம் ஒரு பொரியல் நிச்சயம்.

உரம்? கத்திரி முடிகிற வரை பொறுங்கள். சுடுகிற மண்ணில் உரத்தைப் போடுவது, காய்ச்சல்காரனுக்குப் பிரியாணி போடுகிற மாதிரி!

கொசுவுக்குத் தொட்டில் கட்டாதீர்கள்

மண்பானையின் வாயை ஏன் மூடச் சொன்னேன்? டெங்குக் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நம் வீட்டில் தேங்குகிற நல்ல தண்ணீர்தான் அதற்குப் பிரியம். 'வெயில் காலத்தில் ஏது கொசு?' என்று கேட்பீர்கள். தண்ணீர்ப் பஞ்சம் வந்தால் நாம் என்ன செய்வோம்? டிரம், அண்டா, குடம் என்று பிடித்து வைப்போம். அதுதான் கொசுவுக்குக் கொண்டாட்டம்.

முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாட்கள் போதும். ஆகவே வாரம் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்களேன், இந்த ரவுண்டு போய்விடுங்கள்:

* தொட்டிக்கு அடியில் இருக்கிற தட்டு
* மணிபிளான்ட் வைத்த பாட்டில்
* பழைய டயர், கொட்டாங்கச்சி, உடைந்த தொட்டி
* தோட்டத்து டிரம், சிமென்ட் தொட்டி
* பறவைக்கு வைத்த கிண்ணம் (இதில் மட்டும் தினமும் தண்ணீர் மாற்றுங்கள்)
* வீட்டுக்குள்ளே ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கிற தட்டு

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். நாரை எடுத்து நன்றாகத் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். டிரம்மின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். காலி செய்ய முடியாத சிமென்ட் தொட்டியில் நாலு கப்பி மீனை விடுங்கள். கொசுப்புழு அதற்கு மிட்டாய்!

இந்தக் கொசு பகலில் கடிக்கும். தோட்டத்தில் நிற்கும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது வெயிலுக்கும் நல்லது, இதற்கும் நல்லது.

தோட்டக்காரரே, உங்களைத்தான்!

செடிக்கு நிழல் கட்டிவிட்டு நீங்கள் வெயிலில் நிற்கலாமா? ஓய்வு பெற்ற அப்பாக்களும் வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டுப் பதினொரு மணிக்கு மாடி ஏறுகிற அம்மாக்களும் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

காலை எட்டு மணிக்குள், மாலை ஐந்து மணிக்கு மேல். இதுதான் தோட்டத்து ஆபீஸ் நேரம். போகும் முன் ஒரு டம்ளர் தண்ணீர். தொப்பியோ, ஈரத் துண்டோ தலையில் இருக்கட்டும். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை நிழலுக்கு வாருங்கள். வந்ததும் மோர், எலுமிச்சை ஜூஸ். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பு விஷயத்தில் அளவாக இருங்கள். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கோடையில் உடம்பில் நீர் சட்டென்று குறையும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், கோடைக்கு என்ன மாற்றம் வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு ஸ்பெஷல் எச்சரிக்கை. வெறுங்காலோடு மாடிக்குப் போகவே கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் தளம் சுடுவதே தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ஆற நாளாகும், சில சமயம் விரலுக்கே ஆபத்து. செருப்புப் போட்டுக்கொண்டு போங்கள். வந்ததும் காலைக் கழுவி, அடிப்பாதத்தைக் கண்ணாடியில் பாருங்கள்.

தலை சுற்றல், தசை பிடிப்பு, குமட்டல் வந்தால் வேலையை அப்படியே போட்டுவிட்டு நிழலுக்கு வந்துவிடுங்கள். உப்பு - சர்க்கரைக் கரைசல் குடியுங்கள். ஆனால் உடம்பு நெருப்பாகச் சுட்டு, பேச்சு குழறி, ஆளே தடுமாறினால் அது வெப்ப வாதம். ஒரு நிமிஷம் தாமதிக்கக்கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

மூடாக்கு, செங்கல் குவியல், தேங்காய் மட்டை, இவையெல்லாம் தேளுக்கும் பாம்புக்கும்கூடக் குளுமையான இடம். கையை விடும் முன் குச்சியால் தட்டிப் பாருங்கள். பாம்பு கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு போட்டு இறுக்குவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்கு. விஷமுறிவு மருந்து அங்கேதான்.

மழைக்கு முன் முடிக்க வேண்டியவை

"சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்பார்கள். மலைப் பக்கம் இடி இடித்து ஒரு கோடை மழை கொட்டினால், மறுநாள் சாயங்காலமே காலியாக இருக்கிற பாத்தியைக் கொத்திப் புரட்டிப் போடுங்கள். மண்ணுக்குள் இருக்கிற புழுவும் முட்டையும் வெயிலில் காயும், பறவைகளுக்கும் விருந்து. மரக்கன்று வைக்க நினைப்பவர்கள் குழியை இப்போதே எடுத்து ஆறப்போடுங்கள். நடுவது ஆடியில் இருக்கட்டும்.

சென்ற வருஷம் கத்திரியும் தக்காளியும் வாடி வாடிச் செத்த பாத்தியா? மண்ணை நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளைப் போர்த்தி, ஓரங்களை மண்ணால் மூடிவிடுங்கள். நாலு முதல் ஆறு வாரம் வெயிலே அந்த மண்ணுக்கு வைத்தியம் பார்க்கும். கத்திரி வெயிலால் நமக்குக் கிடைக்கிற இலவசச் சிகிச்சை இது ஒன்றுதான்!

வைகாசி, ஆனியில் வேப்பம்பழம் உதிரும். பொறுக்கி, சதையை நீக்கி, நிழலில் காயவைத்து எடுத்து வையுங்கள். பிறகு பூச்சி வரும்போது 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, சோப்புக் கரைசல் கொஞ்சம் சேர்த்துத் தெளிக்கலாம். கடைக்காரரிடம் போக வேண்டியதில்லை.

மேற்கு மலையிலிருந்து ஆனி, ஆடியில் இறங்குகிற காற்று சாதாரணமானதில்லை. அம்மியையே பறக்கவிடுகிற காற்று, நம் வாழையையும் புடலைப் பந்தலையும் விட்டுவைக்குமா? வாழைக்கு இப்போதே முட்டுக் கொடுங்கள். பந்தலின் பழைய கயிற்றை மாற்றுங்கள். மாடியின் கைப்பிடிச் சுவர் மேல் வைத்திருக்கிற தொட்டிகளை இன்றைக்கே கீழே இறக்கிவிடுங்கள்.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. இந்த வாரம் மூடாக்கு. அடுத்த வாரம் நிழல் வலை. ஞாயிறுதோறும் கொசு ரவுண்டு. தினம் அரை மணி நேரம் கொடுத்தால் போதும். இலை கொஞ்சம் உதிர்ந்தால் உதிரட்டும், பூ குறைந்தால் குறையட்டும். வேர் பத்திரமாக இருந்தால் ஆடிப்பட்டத்துக்கு உங்கள் தோட்டம் தயார்... அதில் விதை போட நீங்களும் தெம்பாக இருக்க வேண்டாமா? மணி எட்டாகிவிட்டது, வாளியை வைத்துவிட்டு உள்ளே வாருங்கள்!